சியாச்சின்: பாதியில் விட்ட ஒரு வரி

கொஞ்சம் நீளமான இழை இது. டீயோ காபியோ கையில் வச்சுக்கிட்டு பொறுமையா படிங்க.

சியாச்சின் என்ற பேரைக் கேட்டதும் நம்ம எல்லாருக்கும் ஒரு படம் மனசுல வரும். வெள்ளை உடை, கறுப்புக் கண்ணாடி, தோளில் துப்பாக்கி, முழங்கால் வரை பனி. ஆகஸ்ட் 15 வந்தா வாட்ஸ்அப்பிலும் அந்தப் படம் வந்துடும்.

ஆனால் இந்தியாவும் பாகிஸ்தானும் அந்த இடத்துக்கு எதுக்காகச் சண்டை போடுறாங்க, அங்கே போகிறவர்கள் எதனால் சாகிறார்கள் என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. அங்கே குண்டடிபட்டு இறந்தவர்களைவிட உயரத்தாலும் குளிராலும் பனிச்சரிவாலும் இறந்தவர்கள்தான் அதிகம். ரெண்டு நாட்டுக்கும் இதே கதைதான். அதனால இந்த வரலாற்றில் ஒரு டாக்டர் பேசுறதுக்கும் நிறைய இருக்கு.

முதல்ல இடத்தைப் பார்ப்போம்.

லடாக்கின் வடக்கு நுனியில், காரகோரம் மலைத்தொடரில் இருக்கிறது சியாச்சின் பனியாறு. நீளம் சுமார் 76 கிலோமீட்டர். துருவப் பகுதிகளை விட்டுவிட்டுப் பார்த்தால் உலகின் மிக நீளமான பனியாறுகளில் ஒன்று. இது உருகி வரும் தண்ணீர்தான் நூப்ரா ஆறு. நூப்ரா ஷியோக்கில் கலக்கும், ஷியோக் சிந்துவில் கலக்கும். அந்தப் பக்கத்து பால்டி மொழியில் 'சியா' என்றால் ரோஜா. கீழே பள்ளத்தாக்கில் காட்டு ரோஜா நிறைய பூக்கும். அதை வைத்து வந்த பேர். மேலே போனால் புல் பூண்டு கிடையாது. குளிர்காலத்தில் மைனஸ் 50 டிகிரி வரை இறங்கும்.

பனியாற்றுக்கு மேற்கே அதை ஒட்டி ஓடும் மலைமுகடுதான் சால்டோரோ. இந்தப் பேரை நினைவில் வச்சுக்கோங்க. நாம் 'சியாச்சின் சண்டை' என்று சொல்வது பெரும்பாலும் இந்த முகட்டில் நடந்த சண்டை.

சரி, இப்படி ஒரு இடத்துக்கு எப்படித் தகராறு வந்தது?

1947-48 காஷ்மீர் போர் முடிந்ததும், 1949 ஜூலை 27 அன்று கராச்சியில் இரு நாட்டு ராணுவ அதிகாரிகளும் போர்நிறுத்தக் கோட்டுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். ஊர் ஊராக, மலை மலையாக எழுதிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் ஒரு புள்ளியில் நின்றது கோடு. அந்தப் புள்ளியின் வரைபடக் குறியீடு என்.ஜே. 9842.

அதுக்கு மேல என்ன எழுதினாங்க தெரியுமா? 'அங்கிருந்து வடக்கே பனியாறுகள் வரை.' அவ்ளோதான். எந்தப் பனியாறு, எந்தப் பக்கம், எதுவரை, ஒன்னுமே இல்லை.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அங்கே மனுஷன் போவானா, போனாலும் தங்குவானா என்ற நினைப்பு. யாரும் போக முடியாத இடத்துக்கு யார் அளந்து கல் நடுவாங்க?

1971 போருக்குப் பிறகு சிம்லா ஒப்பந்தம். அதன்படி 1972 டிசம்பரில் சுமார் 740 கிலோமீட்டருக்குக் கட்டுப்பாட்டுக் கோட்டைப் புதிதாக வரைந்தார்கள். அந்தக் கோடும் என்.ஜே. 9842-லேயே நின்றுவிட்டது. திருத்துவதற்குக் கிடைத்த ரெண்டாவது வாய்ப்பும் போச்சு.

இப்ப ரெண்டு தரப்பு வாதத்தையும் கேளுங்க.

பாகிஸ்தான் சொல்வது: அந்தப் புள்ளியிலிருந்து வடகிழக்காக காரகோரம் கணவாய்க்கு நேராக ஒரு கோடு போடுங்கள். அப்படிப் போட்டால் சியாச்சின் முழுக்க அவர்கள் பக்கம்.

இந்தியா சொல்வது: ஒப்பந்தத்தில் 'வடக்கே' என்றுதான் இருக்கிறது, வடகிழக்கே என்று இல்லை. மலைப்பகுதியில் எல்லை நீர்ப்பிரி முகட்டின் வழியாகப் போவதுதான் வழக்கம். அப்படியென்றால் கோடு சால்டோரோ முகட்டில் போகணும். சியாச்சின் முழுக்க நம் பக்கம்.

வயல் வரப்புத் தகராறு பார்த்தவங்களுக்கு இது உடனே புரியும். பத்திரத்தில் 'வடக்கே ஓடை வரை' என்று எழுதியிருப்பாங்க. அங்கே மூணு ஓடை ஓடும்.

1960-களின் கடைசியில் இன்னொரு விஷயம் நடந்தது. அமெரிக்க அரசின் வரைபடங்கள் சிலவற்றில் அந்தக் கோட்டை காரகோரம் கணவாய் வரை இழுத்துக் காட்டினார்கள். எந்த ஒப்பந்தத்திலும் இல்லாத கோடு அது. ஆனால் உலக அட்லஸ்களும் மலையேறுபவர்களின் வழிகாட்டிகளும் அதைப் பார்த்து வரைய ஆரம்பித்தன. 1970-களில் பாகிஸ்தான் அரசின் அனுமதியோடு வெளிநாட்டு மலையேற்றக் குழுக்கள் அந்தப் பகுதிக்கு வந்துபோயின. அனுமதி கொடுக்கிறவருக்குத்தானே இடம் சொந்தம்?

இதைக் கவனித்தவர் இந்திய ராணுவத்தின் கர்னல் நரேந்திர குமார். 'புல்' குமார் என்று கூப்பிடுவார்கள். தேர்ந்த மலையேற்ற வீரர். முந்தைய ஒரு பயணத்தில் பனிக்கடியால் கால்விரல்களை இழந்தவர். ஒரு ஜெர்மானியப் பயணியிடம் இருந்த அமெரிக்க வரைபடத்தில் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு மேலதிகாரிகளிடம் போய் நின்றார். 1978-ல் அவர் தலைமையில் ஒரு குழு பனியாற்றில் ஏறியது. 1981-ல் மறுபடியும் போய் வடக்கு நுனியில் உள்ள இந்திரா கோல் வரை எட்டினார்கள். அவர் கொண்டுவந்த படங்களும் குறிப்புகளும்தான் பின்னால் நடந்ததற்கு அடித்தளம்.

1983 வாக்கில் ரெண்டு பக்கமும் சந்தேகம் முற்றியது. முதலில் ஏறுபவருக்கே முகடு. முகடு கிடைத்தவரை கீழிருந்து யாரும் அசைக்க முடியாது.

1984 ஏப்ரல் 13. நம்ம ஊரில் சித்திரை பிறக்கும் சமயம், வடக்கே பைசாகி. ஆனால் சால்டோரோவில் அது இன்னும் கடுங்குளிர் காலம்தான். அந்த நாளில் ஆபரேஷன் மேகதூத் தொடங்கியது. குமாவுன் படைப்பிரிவு, லடாக் ஸ்கவுட்ஸ் வீரர்கள் சிறிய ஹெலிகாப்டர்களில் தொகுதி தொகுதியாகக் கொண்டு போய் இறக்கப்பட்டார்கள். முதலில் பிலாஃபாண்ட் லா கணவாய், சில நாட்களில் சியா லா. பாகிஸ்தான் படை வந்து சேர்ந்தபோது உயரம் ஏற்கெனவே இந்தியாவிடம் இருந்தது. இன்று வரை அப்படித்தான். பனியாறும் சால்டோரோ முகட்டின் முக்கியக் கணவாய்களும் இந்தியாவிடம். பாகிஸ்தான் படை முகட்டுக்கு மேற்கே, கீழ்ச்சரிவுகளில்.

அதன்பின் முகட்டைப் பிடிக்கப் பல முயற்சிகள். இதில் 1987 ஜூனில் நடந்தது பெரிய கதை. சுமார் 21,000 அடி உயரத்தில் பாகிஸ்தான் ஒரு காவல்சாவடி போட்டு, ஜின்னாவின் பட்டப்பெயரால் 'காயிட்' என்று பேர் வைத்திருந்தது. அதைப் பிடிக்க செங்குத்தான பனிச்சுவரில் ஏறிய குழுவுக்கு நாயிப் சுபேதார் பானா சிங் தலைமை. பிடித்தார்கள். அவருக்குப் பரம்வீர் சக்ரா. அந்த உச்சிக்கு இப்போது 'பானா டாப்' என்று பேர்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, 21,000 அடியில் ஒரு மனித உடம்புக்கு என்ன ஆகும் என்று சொல்லிடுறேன். இது புரியலைன்னா சியாச்சின் புரியாது.

'மேலே ஆக்சிஜன் கம்மி' என்று சொல்வோம். காற்றில் ஆக்சிஜனின் பங்கு சென்னையிலும் சியாச்சினிலும் ஒரே 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர். 18,000 அடியில் அதில் பாதி. அழுத்தம் பாதியானால் ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் போகும் ஆக்சிஜனும் ஏறக்குறைய பாதிதான்.

கொரோனா நேரத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, பல்ஸ் ஆக்ஸிமீட்டர். 94-க்குக் கீழே போனா ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். 18,000 அடியில் நன்றாகப் பழகிய, இளவயசு, ஆரோக்கியமான வீரருக்கே அது 80-ஐ ஒட்டித்தான் காட்டும். அந்த நிலையில்தான் அவர் காவல் நிற்கிறார், பனி வெட்டுகிறார், மூட்டை தூக்குகிறார்.

உடம்பு இதைச் சமாளிக்கப் பார்க்கும். மூச்சு வேகமாகும், இதயம் வேகமாகும், ரத்தச் சிவப்பணுக்கள் கூடும். இதுக்கெல்லாம் நாள் ஆகும். அவகாசம் கொடுக்காமல் ஏறினால் மூணு ஆபத்து.

ஒன்று, மலைநோய். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, பசியின்மை. பலருக்கு ஓய்வில் சரியாகிடும்.

இரண்டு, நுரையீரல் நீர்க்கோப்பு. ஆக்சிஜன் குறைந்ததும் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். எல்லா இடத்திலும் சமமாகச் சுருங்காது. சுருங்காத பகுதிக்கு ரத்தம் மொத்தமும் பாய்ந்து அழுத்தம் ஏறி, நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து காற்றுப்பைகள் நிரம்பும். இருமல், படுத்தால் மூச்சுத்திணறல், முற்றினால் இளஞ்சிவப்பு நுரை. சும்மா விட்டால் சில மணி நேரத்தில் உயிர் போகலாம்.

மூன்று, மூளை வீக்கம். நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடுவார். பேச்சு குழறும், பிறகு மயக்கம்.

இவற்றோடு பனிக்கடி. வெறும் கையால் துப்பாக்கியின் உலோகத்தைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். ரத்தம் கெட்டியாவதால் கால் நரம்பில் ரத்தக்கட்டு, இளவயசிலேயே பக்கவாதம் எல்லாம் அங்கே பணிபுரிந்த வீரர்களிடம் பதிவாகியிருக்கின்றன.

இந்த அறிவு நமக்கு சும்மா கிடைக்கலை. 1962 சீனப் போரில் சமவெளியிலிருந்த வீரர்களை அவசரம் அவசரமாக விமானத்தில் ஏற்றி உயரத்தில் இறக்கினார்கள். போதிய உடை இல்லை, பழகுவதற்கு நேரமும் இல்லை. பலர் நுரையீரல் நீர்க்கோப்பில் விழுந்தார்கள். அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹூஸ்டன் இந்த நோயைப் பற்றி எழுதி அப்போது ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

நம் ராணுவ மருத்துவர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். இந்தர் சிங்கும் அவரது குழுவினரும் 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் கட்டுரை வெளியிட்டார்கள். மலைநோய் பற்றிய ஆராய்ச்சியில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் கட்டுரை அது. உலகம் முழுக்க மலையேறுபவர்கள் இன்று பின்பற்றும் எச்சரிக்கைகளுக்குப் பின்னால் பேர் தெரியாத நம்ம ஜவான்களின் நுரையீரல்கள் இருக்கின்றன.

இன்று சியாச்சினுக்குப் போகும் வீரர் நேராக ஏற முடியாது. 9,000 முதல் 12,000 அடி வரை 6 நாள், 15,000 அடி வரை 4 நாள், அதற்கு மேலே இன்னும் 4 நாள் என்று மூன்று கட்டமாகப் பழக வேண்டும். அவசரத்துக்கு ஆக்சிஜன், மருந்து, நோயாளியை உள்ளே படுக்க வைத்து அழுத்தம் ஏற்றும் பை எல்லாம் உண்டு. ஆனாலும் முழு வைத்தியம் ஒன்றுதான்: உடனே கீழே இறக்கணும். வானிலை மோசமானால் ஹெலிகாப்டர் பறக்காது. அப்போது சாவடியில் இருப்பவர்களால் காத்திருக்க மட்டும்தான் முடியும்.

மருத்துவம் முன்னேறியதால் நோயால் வரும் சாவு வெகுவாகக் குறைந்தது. பனிச்சரிவுக்கு மருந்து கிடையாது.

2003 நவம்பரில் போர்நிறுத்தம் வந்தது. பனிமலையில் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்தது. சாவு ஓயலை.

2012 ஏப்ரல் 7, கயாரி. பாகிஸ்தான் பக்கத்துப் படைத்தளத்தின் மேல் ஒரு பனிச்சரிவு மொத்தமாக இறங்கியது. 140 பேர் புதைந்தார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்களில் 11 பேர் ராணுவத்தில் இல்லாத சாதாரண ஊழியர்கள். உடல்களைத் தோண்டி எடுக்கவே மாதக்கணக்கில் ஆனது.

2016 பிப்ரவரி 3, சோனம் சாவடி, சுமார் 19,600 அடி. இந்த முறை நம்ம பக்கம். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-வது பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் பனிக்கடியில். அவர்களில் 4 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்கள். பனியையே அதிகம் பார்க்காத ஊர்ப் பிள்ளைங்க.

ஆறு நாள் கழித்து, 25 அடிக்கும் கீழே, லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் உயிரோடு கிடைத்தார். நாடே வேண்டிக்கொண்டது ஞாபகம் இருக்கும். ஆறு நாள் பனிக்குள் தாங்கிய உடம்பு, வெளியே வந்து மூன்றாவது நாள், பிப்ரவரி 11 அன்று, பல உறுப்புகள் செயலிழந்து அடங்கியது.

1984 முதல் நம் தரப்பில் மட்டும் 800-க்கும் மேற்பட்ட உயிர்கள். சிலர் உடலாகக்கூடத் திரும்பவில்லை. 1984 மே மாதம் பனிச்சரிவில் சிக்கிய ஒரு குமாவுன் வீரரின் உடல் 2022 ஆகஸ்டில்தான் கிடைத்தது. 38 வருஷம். உடம்போடு இருந்த ராணுவ எண் வில்லையை வைத்து அடையாளம் கண்டார்கள். கணவன் வருவான் என்று இளவயசில் காத்திருந்த மனைவி, முதுமையில் அவருக்கு இறுதிச் சடங்கு பார்த்தார்.

'அப்ப ரெண்டு பேரும் இறங்கி வந்துட வேண்டியதுதானே?' நியாயமான கேள்வி. அரசுகளும் கேட்டுக்கொண்டன. 1989 ஜூனில் படைகளை விலக்கிக்கொள்ள இரு நாடுகளும் கொள்கையளவில் சம்மதித்தன. 2005-ல் அங்கே சென்ற முதல் பிரதமரான மன்மோகன் சிங் அதை அமைதியின் மலையாக்க வேண்டும் என்றார். கயாரிக்குப் பிறகு பாகிஸ்தான் ராணுவத் தளபதி கயானியும் படைவிலக்கம் பற்றிப் பேசினார்.

முட்டுக்கட்டை ஒரே இடத்தில். இப்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை வரைபடத்தில் குறித்து, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும், பிறகுதான் இறங்குவோம் என்கிறது இந்தியா. கையெழுத்துப் போட்டால் 1984-ல் நீங்கள் பிடித்ததை நாங்கள் ஏற்றுக்கொண்டது போல ஆகிவிடுமே என்கிறது பாகிஸ்தான்.

இந்தியாவின் பிடிவாதத்துக்கு ஒரு பலமான காரணம் இருக்கு. 1999 கார்கில். குளிர்காலத்தில் நாம் காலி செய்த சாவடிகளில் பாகிஸ்தான் படை வந்து உட்கார்ந்தது. அதை மீட்க 500-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்தோம். அதே கதை 20,000 அடியில் நடந்தால் மீட்கவே முடியாது. பக்கத்திலேயே 1963-ல் பாகிஸ்தான் சீனாவுக்கு விட்டுக்கொடுத்த ஷக்ஸ்காம் பள்ளத்தாக்கு. ராணுவத்தின் இந்தக் கவலையை ஏசி அறையில் உட்கார்ந்து தள்ளிவிட முடியாது.

ஆனால் ஒரு மருத்துவராக எனக்கு இன்னொரு கணக்கும் தெரியும். முகட்டின் ரெண்டு பக்கமும் அதே நீர்க்கோப்பு, அதே பனிக்கடி. அந்தப் பக்கத்து வீரரின் நுரையீரலும் அதே உயரத்தில் அதே மாதிரிதான் நிரம்பும். கையெழுத்துக்கு வழி கண்டுபிடிக்கிற வேலை அரசியல்வாதிகளுடையது. அதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் விலை கொடுப்பது 20 வயசுப் பையன்கள். அந்த விலையைத் தெரிந்துகொண்டே நாம் 'விடக்கூடாது' என்றோ 'விடலாம்' என்றோ பேசணும். தெரியாமல் பேசக்கூடாது.

கடைசியா ஒரு சமாச்சாரம். வீரர்களுக்கு 14 நாள் பழக்கம் கொடுக்கும் அதே லடாக்குக்கு நம்ம மக்கள் நாலு நாள் டூர் பேக்கேஜில் போறாங்க. லே நகரம் சுமார் 11,500 அடி. காலையில் விமானத்தில் இறங்கி மறுநாள் கர்துங் லா ஏறுவது, கிட்டத்தட்ட 1962-ல் நடந்ததை நாமே காசு கொடுத்துச் செய்துகொள்வது மாதிரி.

லே இறங்கியதும் முதல் ரெண்டு நாள் முழு ஓய்வு. மது, தூக்க மாத்திரை வேண்டாம். தலைவலி இருந்தால் மேலே ஏறக்கூடாது. ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நடை தள்ளாடினாலோ விடியும் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், கீழே இறங்குவதற்கு வழி பாருங்க. இதயம், நுரையீரல் நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டிக்கெட் போடும் முன்பே டாக்டரைப் பார்த்துடுங்க. மலைநோய்த் தடுப்பு மாத்திரையும் அவர் சொன்னால் மட்டும்.

இளவயசு, ஜிம் உடம்பு என்ற தெம்பெல்லாம் அங்கே உதவாது. மலைநோய்க்கு ஆள் வித்தியாசம் தெரியாது.

லடாக் போகத் திட்டம் போடும் நண்பர் யாராவது இருந்தால் இந்த இழையை அனுப்பி வைங்க.